நாற்காலி நான்குதான் இருக்கிறது: சமூகப்பணித் துறைகளுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டுக் கல்லூரிகளின் சமூகப்பணித் துறைத் தலைவர்களுக்கும், களப்பணி ஒருங்கிணைப்பாளர்களுக்கும், பாடத்திட்டக் குழுவில் இருக்கும் பெரியவர்களுக்கும்,

வணக்கம்.

வருஷத்துக்கு இரண்டு தடவை, ஜூலையில் ஒன்று, டிசம்பரில் ஒன்று என்று, களப்பணிக்கு மாணவர்களை அனுப்பக் கேட்டு எங்கள் அலுவலகத்துக்கு அந்த அழைப்பு வரும். "மேடம், பி.எஸ்.டபிள்யூ ஃபர்ஸ்ட் இயர் பசங்க எட்டுப் பேர் இருக்காங்க. வர்ற வியாழக்கிழமையிலேருந்து அனுப்பிடட்டுமா?" யோசித்துச் சொல்கிறேன் என்று நான் வாயெடுப்பதற்குள், "லெட்டரைப் பசங்ககிட்டயே குடுத்துவிட்டுடறேன் மேடம், ரொம்ப தேங்க்ஸ்" என்று வைத்துவிடுவார்கள். வியாழக்கிழமை காலை பத்தே காலுக்கு எட்டுப் பேரும் வாசலில் நிற்பார்கள். கழுத்தில் அடையாள அட்டை, கையில் மடிப்புக் கலையாத கடிதம், தோள்பையில் சாப்பாட்டு டப்பா. எங்கள் அலுவலகத்தில் வருகிறவர்களுக்கு என்று நான்கு நாற்காலி இருக்கிறது. நான்கு பேர் நுனியில் உட்காருவார்கள். மீதி நான்கு பேர் சுவரில் சாய்ந்தும் சாயாமலும் நிற்பார்கள். அன்றைக்கு மனுவோடு வரும் அம்மாக்கள் திண்ணையில் காத்திருப்பார்கள்.

நான் காவிரிப் படுகையில் ஒரு தாலுகா ஊரில், சின்னத் தொண்டு நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். பதினான்கு வருஷமாக உங்கள் மாணவர்களுக்கு ஏஜென்சி சூப்பர்வைசர், அதாவது களப்பணிக்கு வரும் இடத்தில் அவர்களை மேற்பார்க்கிறவள். அதற்கு முன் நானும் பி.எஸ்.டபிள்யூ என்கிற இளநிலைச் சமூகப்பணிப் படிப்பும், எம்.எஸ்.டபிள்யூ என்கிற முதுநிலையும் படித்து, ராத்திரி பன்னிரண்டு மணிக்கு ரிப்போர்ட் எழுதி, ஐ.சி. என்கிற தனிக் கலந்துரையாடலில் ஆசிரியரிடம் திட்டு வாங்கி, ரூரல் கேம்ப்பில் சாம்பார் கிண்டியவள்தான். இந்தப் பதினான்கு வருஷத்தில் வருகைப் பதிவேட்டில் என் கையெழுத்தைக் கேட்டிருக்கிறீர்கள், மதிப்பெண் தாளில் கேட்டிருக்கிறீர்கள், வருஷக் கடைசியில் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தியிருக்கிறீர்கள். வீட்டில் ஏழு சேர்ந்திருக்கிறது. இந்தப் பிள்ளைகளை எப்படி அனுப்பினால் அவர்களுக்கும் ஊருக்கும் நல்லது என்று மட்டும் ஒரு தடவையும் கேட்டதில்லை. கேட்காமலே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சொல்ல வந்தது ஒன்றுதான். பி.எஸ்.டபிள்யூ களப்பணி என்று நீங்கள் நடத்துவது எம்.எஸ்.டபிள்யூ களப்பணியின் சட்டையை வெட்டிச் சின்னதாகத் தைத்தது. பிளஸ் டூ முடித்து ஒன்பது மாதம் ஆன பிள்ளைக்கு அது பொருந்தவில்லை. பொருந்தாத சட்டையோடு அவர்கள் போய் நிற்கிற வீடுகளுக்கும் அதனால் கெடுதல்.

அந்தச் சட்டை எப்படி வந்தது என்பது உங்களுக்குத் தெரியும், நீங்கள்தான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தீர்கள். 1936-இல் பம்பாயில் சர் தோராப்ஜி டாடா பெயரில் சமூகப்பணிப் பள்ளி தொடங்கியபோது அதன் பெயரிலேயே 'கிராஜுவேட் ஸ்கூல்' என்று இருந்தது. முதல் இயக்குநர் கிளிஃபர்ட் மான்ஷார்ட், அதற்கு முன்பே நாக்பாடா தொழிலாளர் பகுதியில் மக்களுக்கான நிலையம் ஒன்றை நடத்திவந்தவர். களம் முதலில் வந்தது, வகுப்பறை அதன் பின்னால் வந்தது. 1952-இல் சென்னையில் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் ஒர்க்கைத் தொடங்கிய மேரி கிளப்வாலா ஜாதவும் கில்டு ஆஃப் சர்வீஸ் என்கிற தொண்டு அமைப்பில் பல வருஷம் உழைத்தவர். வாரம் இரண்டு நாள் களம், தனிக் கலந்துரையாடல், குழுக் கலந்துரையாடல், கிராம முகாம், கடைசியில் ஒரே இடத்தில் தொடர்ந்து சில வாரம் வேலை செய்யும் பிளாக் பிளேஸ்மென்ட் என்கிற வரிசையெல்லாம் இப்படிக் களத்தில் ஊறிய ஆசிரியர்களும், ஏற்கெனவே ஒரு பட்டம் வாங்கிவிட்ட மாணவர்களும் சேர்ந்த மரபில் உருவானது. இளநிலைப் படிப்பு வந்தபோது மணி நேரத்தைக் குறைத்தோம். வயசு மூன்று நான்கு குறைந்துவிட்டதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

ஒரு சம்பவம் சொல்கிறேன். ஏழெட்டு வருஷம் இருக்கும். முதல் வருஷப் பெண் ஒருத்தி வந்தாள். அதிகம் பேச மாட்டாள், சொன்ன வேலையைத் திருத்தமாகச் செய்வாள். அப்போது குழந்தைகள் நலக் குழு அனுப்பும் குழந்தைகளின் வீடுகளுக்குத் தொடர்ந்து போய்ப் பார்க்கும் வேலையும் எங்களிடம் இருந்தது. மேலிடத்திலிருந்து ஆய்வுக்கு வரப்போகிறார்கள், நாற்பது கோப்பு எக்செல்லில் ஏறாமல் கிடக்கிறது. "தங்கச்சி, கம்ப்யூட்டர் தெரியுமா?" என்று கேட்டேன். தெரியும் என்றாள். அந்தக் கோப்புகளை எடுத்து அவள் மேசையில் வைத்தவள் நான்தான். இதை மறைத்துவிட்டு உங்களைக் குறை சொல்ல எனக்கு வாய் கிடையாது.

பதினேழாவதோ பதினெட்டாவதோ கோப்பில் இருந்த முகவரி அவளுடைய ஊர், அடுத்த தெரு. போக்சோ வழக்கு. குழந்தைக்குப் பத்து வயசு. குற்றம் சாட்டப்பட்டவர் அவள் சித்தப்பா என்று கூப்பிடுகிற ஆள். கோப்பை மூடி வைத்தாள், கொண்டுவந்த சாப்பாட்டைச் சாப்பிட்டாள், மிச்சத்தை ஏற்றி முடித்தாள், ஐந்து மணி பஸ்ஸில் ஊருக்குப் போய்விட்டாள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எப்படிச் சொல்வாள்? அவளுக்கும் எனக்கும் அதுவரை இருந்த பழக்கமெல்லாம் வருகைப் பதிவேட்டுப் பழக்கம்தானே.

அடுத்த வாரம் அவள் ரிப்போர்ட் எழுதினாள். நீங்கள் கொடுத்த படிவத்தில் பெயர், வயது, முகவரி, குடும்ப விவரம், பிரச்சினையின் தன்மை என்று கட்டங்கள் இருந்தன. நல்ல மாணவி, ஒரு கட்டத்தையும் காலியாக விடவில்லை. அந்த ரிப்போர்ட் குழுக் கலந்துரையாடலில் இருபத்து மூன்று பேர் முன்னால் வாசிக்கப்பட்டது.

இரண்டு வாரம் அவள் வரவில்லை. அவளுடைய அம்மா எனக்குப் போன் செய்தார். "பொண்ணு ராத்திரியில தூங்க மாட்டேங்குது மேடம். திடீர்னு எந்திரிச்சு உக்காந்துக்குது. அங்க என்னதான் நடந்துச்சு?" என்ன நடந்தது என்று அதற்குள் எனக்குத் தெரிந்திருந்தது. அதே ஊரில் இருக்கும் அந்த அம்மாவிடம் நான் எதைச் சொல்ல முடியும்?

சிறார் நீதிச் சட்டம் 2015-இன் 74ஆம் பிரிவு, குழந்தையின் பெயர், முகவரி, பள்ளி என்று அடையாளம் காட்டும் எதுவும் வெளியே போகக் கூடாது என்கிறது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். வகுப்பறையில் வாசித்த ரிப்போர்ட் இந்தப் பிரிவுக்குள் வருமா என்று வக்கீல்கள் வாதாடிக்கொள்ளட்டும். அந்தக் குழந்தையின் பெயர் இருபத்து மூன்று பேர் காதில் விழுந்ததை எந்தத் தீர்ப்பும் திருப்பி எடுக்கப்போவதில்லை. அந்த மாணவி படிப்பை முடித்தாள். இப்போது ஒரு ஜவுளிக்கடையில் பில்லிங்கில் இருக்கிறாள். பார்த்தால், "நல்லா இருக்கேன்க்கா" என்பாள். அதற்கு மேல் நான் கேட்பதில்லை.

அன்றிலிருந்து எங்கள் அலுவலகத்தில் இளநிலை மாணவர்கள் கோப்புகள் இருக்கும் பீரோவைத் தொடக் கூடாது. இது நான் போட்ட சட்டம். உங்கள் கையேட்டில் இப்படி ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள்.

நர்சிங் படிக்கிற பிள்ளை முதல் ஊசி போடும்போது பக்கத்தில் ட்யூட்டர் நிற்பார். பி.எட். படிக்கிறவர் வகுப்பெடுக்கும் முன் பின்பெஞ்சில் உட்கார்ந்து, வேறொருவர் எடுப்பதைப் பார்த்துக் குறிப்பெழுத வேண்டும். எங்கள் தொழிலில் ஊசி என்பது கேள்வி. புருஷன் போய் மூன்று மாதமான பெண்ணிடம், படிவத்தைப் பார்த்துக்கொண்டே "உங்க வீட்டுல எத்தனை பேர் சம்பாதிக்கிறீங்க?" என்று கேட்டால் அது எவ்வளவு ஆழம் போகும் என்று நமக்குத் தெரியும். பதினெட்டு வயசுப் பிள்ளைக்குத் தெரியாது. தெரிந்த ஒருவர் கூடப் போய், தான் கேட்டுக் காட்டி, பிறகு அவனைக் கேட்கவிட்டு, திரும்பி வரும் வழியில் "அந்த இடத்துல ஏன் தயங்கினே?" என்று பேசினால்தான் தெரியவரும். அதற்குப் பெயர்தான் மேற்பார்வை. உங்கள் ஆசிரியர் செமஸ்டருக்கு ஒரு தடவை வந்து டீ குடித்து, "பசங்க எப்படி மேடம், ஒழுங்கா வர்றாங்களா?" என்று கேட்டுவிட்டுப் போவதற்கு வேறு பெயர் வையுங்கள். அவரையும் குற்றம் சொல்ல மாட்டேன். வாரம் பதினாறு மணி நேரம் வகுப்பு, கல்லூரியின் தரத்தை மதிப்பிட வரும் நாக் கமிட்டிக்குக் கோப்பு, சேர்க்கைக்கு ஊர் ஊராக நோட்டீஸ் என்று அவர் படும் பாடும் எனக்குத் தெரியும்.

வெளிநாட்டை இழுத்துப் பேசும் பழக்கம் எனக்கு இல்லை, இந்த ஒரு தடவை மட்டும். அமெரிக்காவில் இளநிலைக்குக் குறைந்தது 400 மணி நேரம், முதுநிலைக்கு 900 என்று இரண்டையும் தனித்தனியாக வைத்திருக்கிறார்கள். இங்கிலாந்தில் மாணவர் நேரடியாக மக்களிடம் வேலை செய்யத் தயாரா என்று மதிப்பிட்ட பிறகுதான் முதல் களத்துக்கே அனுப்புகிறார்கள். நம்மிடம் அந்த மதிப்பீடு எங்கே நடக்கிறது? பஸ் ஸ்டாண்டில்.

இதையெல்லாம் கேட்க நமக்கு மேலே ஆளும் இல்லை. டாக்டர், வக்கீல், நர்ஸ் எல்லோருக்கும் சட்டப்படி ஒரு கவுன்சில் இருக்கிறது. இந்தியாவில் சமூகப்பணி முழுவதற்கும் அப்படி ஒன்று இன்னும் வரவில்லை. 2021-இல் வந்த துணை மருத்துவ, சுகாதாரத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் மருத்துவச் சமூகப் பணியாளரையும் மனநலச் சமூகப் பணியாளரையும் தன் பட்டியலில் சேர்த்துக்கொண்டது, நல்லது. எங்கள் தாலுகாவுக்கு வரும் முதல் வருஷப் பிள்ளைக்கு அதனால் ஒன்றும் ஆகிவிடவில்லை. அதனால் எங்களுக்கு உங்கள் பாடத்திட்டக் குழுதான் உச்ச நீதிமன்றம்.

எப்படியும் எம்.எஸ்.டபிள்யூ போய்க் கற்றுக்கொள்வார்கள் என்று சொல்லாதீர்கள். எல்லோரும் போவதில்லை. மிஷன் வாத்சல்யா என்கிற மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டத்தில் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் சமூகப் பணியாளர் வேலைக்கு இளநிலைப் பட்டம் போதும். இருபத்தொரு வயசில் அவர்கள் போய்க் கதவைத் தட்டப்போவது அந்தப் பத்து வயசுக் குழந்தை மாதிரி ஒருத்தியின் வீட்டை.

ரிப்போர்ட்டுக்கு வருகிறேன். இதில்தான் எனக்கு அதிக ஆற்றாமை.

இரண்டாம் வருஷப் பையன் ஒருவன் ஒரு பாட்டியிடம் பேசிவிட்டு வந்தான். பாட்டியைக் கடைசிவரை வைத்துப் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லி மகன் ஒன்றரை மா நிலத்தை எழுதி வாங்கிக்கொண்டான், இப்போது கஞ்சி ஊற்றுவதில்லை. அவனுடைய ரிப்போர்ட்டை வாங்கிப் பார்த்தேன். 'த கிளையண்ட் எக்ஸ்பிரஸ்டு ஆங்கர் டுவர்ட்ஸ் ஹெர் சன் டியூ டு ப்ராப்பர்ட்டி டிஸ்ப்யூட். கவுன்சலிங் வாஸ் கிவன்.'

"ஏன்டா, பாட்டி கோபமாவா இருந்தாங்க?"

"இல்லக்கா. 'பெத்த வயிறு எரியுது தம்பி'ன்னாங்க. அப்புறம் அவங்களே, 'அவன் நல்லா இருக்கட்டும்'னு அழுதாங்க."

"பின்ன ஏன் ஆங்கர்னு எழுதியிருக்கே?"

"பெத்த வயிறு எரியுதுங்கறதுக்கு இங்கிலீஷ்ல என்னன்னு தெரியலக்கா."

எனக்கும் தெரியாது. உங்களுக்குத் தெரியுமா?

அவன் தெரியாமல் விட்டது அந்த உணர்ச்சியை மட்டும் என்றால்கூடப் பரவாயில்லை. பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லி எழுதி வாங்கினான் என்ற விஷயம், 'ப்ராப்பர்ட்டி டிஸ்ப்யூட்' என்ற இரண்டு சொல்லுக்குள் புதைந்துவிட்டது. 2007-ஆம் வருஷத்துப் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு இதற்காகவே இருக்கிறது. பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக்கொடுத்த சொத்தை, பராமரிக்காவிட்டால் தீர்ப்பாயம் செல்லாது என்று அறிவிக்கலாம். வருவாய்க் கோட்டாட்சியரிடம் மனுக் கொடுக்க வேண்டும். பாட்டி சொன்னதைச் சொன்னபடியே தமிழில் எழுதியிருந்தால், ரிப்போர்ட்டைத் திருத்தும் யார் கண்ணிலாவது அது பட்டிருக்கும். அந்த ரிப்போர்ட்டில் உங்கள் துறை சிவப்பு மையில் திருத்தியிருந்தது ஒரே ஒரு எழுத்துப் பிழையை.

தமிழ்வழியில் படித்து வந்த பிள்ளைகள், தமிழில் கேட்டதை, தங்களுக்கு வசப்படாத ஒரு மொழியில் எழுதும்போது சீனியரின் பழைய ரிப்போர்ட்டைத்தான் துணைக்கு எடுப்பார்கள். 'டுடே ஐ லேர்ன்ட் மெனி நியூ திங்ஸ்' என்று முடியும் ரிப்போர்ட்டுகளை நான் நூற்றுக்கணக்கில் கையெழுத்திட்டிருக்கிறேன். அந்த ஒரு புது விஷயம் என்ன என்று ஒருத்தரும் எழுதியதில்லை. தமிழில் எழுத அனுமதியுங்கள். எட்டுப் பக்கம் வேண்டாம், இரண்டு பக்கம் போதும். பெயருக்குப் பதில் ஓர் எழுத்து, ஊருக்குப் பதில் 'ஒரு கிராமம்'. கேட்டது, பார்த்தது, தனக்கு உறைத்தது, புரியாதது. ஆங்கிலம் தேவைதான். அதைக் கற்றுக்கொடுக்க அந்தப் பாட்டியைப் பயிற்சிப் புத்தகமாக்க வேண்டாம்.

காசு விஷயம். எங்கள் ஊருக்கு வர ஒரு பெண் காலை ஆறரைக்கு வீட்டிலிருந்து கிளம்ப வேண்டும். 2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, அது பெரிய உதவி. ஆனால் நீங்கள் அனுப்பும் ஏஜென்சிகளில் பாதி, புறநகர் பஸ்ஸில் போக வேண்டிய ஊர்களில் இருக்கிறது. மாணவர் பஸ் பாஸ் வீட்டிலிருந்து கல்லூரி போகும் வழித்தடத்துக்குத்தான் செல்லும், ஏஜென்சிக்குச் செல்லாது. பையன்களுக்குப் போகிற வழியெல்லாம் டிக்கெட்தான். அரசுப் பள்ளியில் படித்து வந்த பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும் பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் ஆயிரம் ரூபாய் வருகிறது. அது புத்தகத்துக்கும் வயிற்றுக்கும் கொடுத்த காசு. எங்களிடம் வரும் பிள்ளைகள் அதில்தான் களப்பணிக்கு டிக்கெட் எடுக்கிறார்கள். ஒரு பையன் இரண்டு வியாழக்கிழமை தொடர்ந்து வரவில்லை. காய்ச்சல் என்றான். கூட வந்தவள் சொல்லித்தான் தெரிந்தது, கையில் பஸ் காசு இல்லை. கல்லூரி முதல்வர் பெயரில் ஒரு கடிதம் போக்குவரத்துக் கழகத்துக்குப் போனால், களப்பணி நாட்களுக்கு வழித்தடம் சேர்த்துத் தருவார்களா என்று கேட்டாவது பார்க்கலாம். இதுவரை எந்தத் துறையாவது கேட்டிருக்கிறதா?

கிராம முகாம் பற்றி நீளமாக எழுத மாட்டேன். ஊரிடமிருந்து கற்றுக்கொள்ளப் போகிறோம் என்று கிளம்பி, போன மறுநாளே ஊருக்குப் பாடம் நடத்தும் அந்த வித்தையை நானும் செய்தவள்தான். கோயில் வாசலைப் பெருக்கினோம், பள்ளிக்கூடச் சுவருக்கு வெள்ளை அடித்தோம், குடிக்காதே என்று நாடகம் போட்டோம். டாஸ்மாக் கடை இருந்த இடத்திலேயே இருந்தது.

ஆனால் முகாமில் ஒன்றைப் பற்றி மட்டும் பேசியே ஆக வேண்டும். வீடு வீடாகக் கணக்கெடுக்கப் போகிற பிள்ளையை ஊரில் கேட்கும் முதல் கேள்வி, "எந்த ஊரும்மா? யாரு வீட்டுப் பொண்ணு?" அந்தக் கேள்வி எதற்கு என்று கேட்கிறவருக்கும் தெரியும், பிள்ளைக்கும் தெரியும். பதில் சொன்ன பிறகு சில திண்ணைகளில் ஏறச் சொல்ல மாட்டார்கள். ஒரு மாணவி அப்படி நின்றுகொண்டே எட்டு வீட்டுக்குக் கணக்கெடுத்தாள். ராத்திரிக் கூட்டத்தில், "இன்றைக்கு என்ன கற்றுக்கொண்டாய்?" என்று கேட்டார்கள். மக்கள் நல்ல ஒத்துழைப்புக் கொடுத்தார்கள் என்று சொன்னாள். அவளோடு போயிருந்த இன்னொரு பெண்ணுக்கு உட்காரப் பாய் போட்டார்கள். அவள் அதை அன்றைக்குக் கவனித்ததாகவே தெரியவில்லை. சாதியைப் பற்றித் தாளில் ஐந்து மதிப்பெண் கேள்வி வைக்கிறீர்கள். அந்தத் திண்ணைக்கு முன்னால் அவள் என்ன சொல்லலாம், கூடப் போனவள் என்ன செய்ய வேண்டும், முகாமை எங்கே தங்கவைக்க வேண்டும் என்று புறப்படும் முன் ஒரு மணி நேரம் பேச உங்களுக்கு வாய் வரவில்லை.

பெண் பிள்ளைகளுக்கு வெளியே ஏதாவது தொந்தரவு நேர்ந்தால் என்ன செய்வது என்பதும் அப்படித்தான். பாலியல் தொல்லையைத் தடுக்க 2015-இல் வந்த பல்கலைக்கழக மானியக் குழு விதிமுறையில், களப்பயணம், பயிற்சிக்குப் போகிற இடம் எல்லாம் கல்லூரி வளாகத்துக்குள் அடக்கம் என்றே எழுதியிருக்கிறது. வேலை செய்யும் இடத்தில் பெண்களுக்கு நேரும் பாலியல் தொல்லைக்கு எதிரான 2013 சட்டத்தில், பயிற்சிக்கு வருகிறவரும் ஊழியர்தான். பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் எங்களை மாதிரி இடத்தில் புகாரை விசாரிக்கத் தனிக் குழு இருக்காது, மாவட்ட அளவில் இருக்கும் உள்ளூர்க் குழுவிடம் போகலாம். இதைத் தெரிந்துகொண்டு வந்த ஒரு மாணவியை நான் இன்னும் பார்க்கவில்லை. களப்பணி டைரியின் முதல் பக்கத்தில் கல்லூரியின் இலட்சியம், நோக்கு என்று அச்சடிக்கிறீர்களே, அந்த இடத்தில் இரண்டு போன் நம்பரை அச்சடியுங்கள்.

இனி எங்கள் பக்கத்துக் குப்பை. எங்களுக்கும் சம்பளமில்லாத கை தேவைப்படுகிறது. மகளிர் தினத்துக்கு நாற்காலி போட, பேனர் பிடிக்க, நன்கொடையாளர் வரும்போது கூட்டம் காட்ட உங்கள் பிள்ளைகளைப் பயன்படுத்தியிருக்கிறோம். காரணம் சொன்னால் சாக்குப்போக்கு மாதிரி இருக்கும், இருந்தாலும் சொல்கிறேன். 2020-இல் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தைத் திருத்தி, நிர்வாகச் செலவுக்கான உச்சவரம்பை 50 சதவீதத்திலிருந்து 20 ஆக்கினார்கள். பெரிய அமைப்பு தான் வாங்கியதைச் சின்ன அமைப்புக்குப் பிரித்துத் தருவதற்கும் தடை வந்தது. ஒன்பது பேர் இருந்த எங்கள் அலுவலகத்தில் இப்போது நான்கு பேர். அந்த நான்கு பேரில் ஒருத்தி எட்டு மாணவர்களைக் கூட்டிக்கொண்டு தெருவுக்குப் போனால், மனு எழுத ஆள் இல்லை. எங்களுக்குக் கல்லூரி காசு தர வேண்டும் என்று கேட்கவில்லை. எத்தனை பேரைத் தாங்குவோம் என்று கேட்டுவிட்டு அனுப்புங்கள் என்கிறேன்.

நன்றாக நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். திங்கட்கிழமைகளில் கலெக்டர் ஆபீசில் மக்கள் குறைதீர்க்கும் கூட்டம் நடக்கும். மூன்று வருஷமாக நான் இளநிலைப் பிள்ளைகளை முதலில் அங்கேதான் அழைத்துப் போகிறேன். முதல் மாதம் ஒருத்தரும் ஒரு கேள்வியும் கேட்கக் கூடாது, சும்மா உட்கார்ந்து பார்க்க வேண்டும். வாசலில் போலீஸ் ஏன் பையைத் திறந்து பார்க்கிறது என்று ஒரு பிள்ளையாவது கேட்கும். 2017 அக்டோபரில் திருநெல்வேலி கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில் கந்துவட்டிக்காக ஒரு குடும்பம் தீக்குளித்ததைச் சொல்வேன். அதன் பிறகு அவர்கள் வரிசையில் நிற்கும் முகங்களைப் பார்க்கிற விதமே வேறாகிவிடும். இரண்டாம் மாதம், காசு வாங்கிக்கொண்டு மனு எழுதுகிறவர் பக்கத்தில் உட்கார்ந்து அவர் எப்படிக் கேட்கிறார் என்று பார்க்கச் சொல்வேன். பேராசிரியர்கள் கோபித்துக்கொள்ளாதீர்கள். நேர்காணல் என்றால் என்ன என்பதை அந்த மனு எழுதுகிறவர் நம்மைவிட நன்றாகச் சொல்லித்தருகிறார். "அதை விடுங்க பெரியம்மா, உங்களுக்கு இப்ப என்ன வேணும்?" என்று ஒரே கேள்வியில் மனுவின் பொருள் வரியைப் பிடித்துவிடுவார்.

அப்படி அங்கே உட்கார்ந்திருந்த இரண்டாம் வருஷப் பையன் ஒருவன், ஒரு பாட்டியின் முதியோர் உதவித்தொகை மனுவைக் கையில் எடுத்தான். மாதம் 1,200 ரூபாய். வாக்காளர் அட்டைப்படி பாட்டிக்கு 66 வயசு. ஆதாரில் 56. பிறந்த தேதி ஜனவரி ஒன்று என்று போட்டிருந்தது, தேதி தெரியாத எல்லாப் பாட்டிகளுக்கும் போடுகிற மாதிரி. விஏஓ, ஆர்ஐ, சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியர், ஆதார் மையம், திரும்பவும் விஏஓ. எந்த மேசை எந்த அட்டையை ஏற்கும், எந்த மதியம் யார் இருப்பார்கள், எங்கே கெஞ்ச வேண்டும், எங்கே எழுத்தில் பதில் கேட்க வேண்டும் என்று நான்கு மாதத்தில் கற்றுக்கொண்டான். நவம்பரில் செமஸ்டர் முடிந்தது. டிசம்பரில் உங்கள் விதிப்படி அவனை வேறு ஏஜென்சிக்கு மாற்றிவிட்டார்கள், எல்லாவிதக் களத்தையும் பார்க்க வேண்டுமாம். அவன் சனிக்கிழமைகளில் சொந்தக் காசில் வந்து பாட்டியைக் கூட்டிக்கொண்டு அலைந்தான். மார்ச்சில் பணம் வந்தது. அதற்கு அவனிடம் ரிப்போர்ட் இல்லை, மதிப்பெண்ணும் இல்லை. முந்தைய செமஸ்டருக்கு நான் 90 போட்டிருந்தேன். ரிப்போர்ட் எண்ணிக்கை குறைகிறது என்று உங்கள் துறை அதை 62 ஆக்கியது.

பாட்டி இரண்டு பொட்டலம் முறுக்கு வாங்கிக்கொண்டு எங்கள் ஆபீசுக்கு வந்தாள். வந்தது ஒரு வியாழக்கிழமை. அவன் அப்போது வேறு ஊரில் ஏதோ ஒரு பள்ளிக்கூடத்தில், கை கழுவுவது எப்படி என்று பிள்ளைகளுக்குச் செய்து காட்டிக்கொண்டிருந்தான்.

செமஸ்டருக்கு ஒரு ஏஜென்சி என்று சுற்றவிடுவது முதுநிலைக்குச் சரியாக இருக்கலாம். இளநிலைக்கு முதல் வருஷம் முழுக்கப் பார்ப்பது மட்டும் இருக்கட்டும். ரேஷன் கடை, அங்கன்வாடி, ஆரம்ப சுகாதார நிலையம், இ-சேவை மையம், கலெக்டர் ஆபீஸ் திங்கட்கிழமை. இரண்டாம் வருஷம் முழுக்க ஒரே இடம், இரண்டிரண்டு பேராக, தெரிந்த ஒருவர் கூடவே. மூன்றாம் வருஷம் வேண்டுமானால் தனியாகக் கதவைத் தட்டட்டும். போக்சோ குழந்தைகளிடமும், தற்கொலைக்கு முயன்றவர்களிடமும் அப்போதும் வேண்டாம். வாரம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேச, கல்லூரியில் ஒருவருக்கும் ஏஜென்சியில் ஒருவருக்கும் நேரம் ஒதுக்கிக் கால அட்டவணையில் எழுதுங்கள். அட்டவணையில் இல்லாத எதுவும் கல்லூரிகளில் நடப்பதில்லை என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மதிப்பெண் போடும் முன், கோப்பு எண்ணிக்கையைப் பார்க்காமல், ஏஜென்சிக்கு ஒரு போன் போடுங்கள்.

டிசம்பர் வந்தால் மறுபடி அழைப்பு வரும். இந்தத் தடவை நான் சொல்லப்போவதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். நான்கு பேரை அனுப்புங்கள். முதல் நாள் அவர்களுடைய ஆசிரியரும் கூட வரட்டும், சாயங்காலம் வரைக்கும் இருக்கட்டும். அவருக்கு என் நாற்காலியைத் தருகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் ஏஜென்சி சூப்பர்வைசர்களில் ஒருத்தி